ஒரே வீட்டில் இரண்டு தொண்டைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர்: 6 வயதுத் தம்பி, 13 வயது அக்கா. இரண்டு வார இடைவெளிக்குள் இருவருக்கும் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தன. இருவரின் தொண்டையிலும் வெள்ளை படிந்திருந்தது. தொண்டைத் தொற்றை எடைபோட மருத்துவர்கள் வழக்கமாகக் கையாளும் மதிப்பெண் முறையில் இருவருக்கும் 5க்கு 5 கிடைத்தது. இருந்தும் இருவருக்கும் வந்தவை வெவ்வேறு நோய்கள். தம்பியைத் தேற்றிய அதே மருந்து அக்காவுக்கு உடம்பெல்லாம் தடிப்பைத் தந்ததோடு, அவளுடைய மருத்துவக் குறிப்பில் சிவப்பு மையில் ஒரு தவறான வரி ஏறவும் காரணமாயிற்று. குழந்தைகளின் தொண்டைத் தொற்றில் கண்ணுக்குத் தெரியும் வெள்ளையை விட, அதைச் சுற்றி உடம்பில் இருப்பவையும் இல்லாதவையுமே அதிகம் பேசுகின்றன என்பதை இந்த இரு பிள்ளைகளைப் போலத் தெளிவாகக் காட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதல் வருகை: வயிற்றுவலி என்று வந்த சிறுவன்

காய்ச்சல் தொடங்கிய இரண்டாம் நாள் மாலையில் சிறுவனை அழைத்து வந்தார்கள். முதல் நாள் காலை எழும்போதே தலை வலிக்கிறது என்றிருக்கிறான். பிறகு இரண்டு முறை வாந்தி, தொப்புளைச் சுற்றி வலி, நண்பகலுக்குள் கடுமையான காய்ச்சல். அன்று மாலையே பெற்றோர் வேறொரு மருத்துவரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, வாந்திக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதி அனுப்பியிருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னதாகத் தாய்க்கு நினைவில்லை. அவசரத்தில் யாருக்கும் நேர்வதுதான் என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் காய்ச்சலோடு வரும் எந்தக் குழந்தையின் பரிசோதனையும் வாயைத் திறந்து பார்க்காமல் முடிவதில்லை என்பதால், அதைக் குறை என்றே பதிவு செய்கிறேன்.

என்னிடம் வந்தபோது காய்ச்சல் 102.6 டிகிரி பாரன்ஹீட், எடை 18 கிலோ. எங்கே வலிக்கிறது என்று கேட்டதற்கு முழு உள்ளங்கையையும் தொப்புளின் மேல் வைத்துக் காட்டினான். ஒற்றை விரலால் வலப்பக்க அடிவயிற்றைக் குத்திக் காட்டும் குழந்தையே குடல்வால் அழற்சி பற்றி அதிகம் கவலைப்பட வைக்கும். வயிறு எங்கும் இறுகியிருக்கவில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். சோர்வோடுதான் என்றாலும் முகம் சுளிக்காமல் குதித்தான். தொண்டை வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்று தலையசைத்தான். எச்சிலை விழுங்கிக் காட்டச் சொன்னபோது மட்டும் கண்களை இறுக மூடிக்கொண்டு, கழுத்தைச் சற்று முன்னே நீட்டி விழுங்கினான். சிறு குழந்தைகள் பலர் தொண்டைவலியைத் தொண்டைவலி என்று சொல்வதில்லை. சாப்பிட மறுப்பார்கள், காதைப் பிடித்துக்கொள்வார்கள், அல்லது வயிற்றைக் காட்டுவார்கள்.

நாக்கை அழுத்திப் பார்த்தபோது டான்சில்கள் இரண்டும் வீங்கிச் செக்கச் செவேல் என்றிருந்தன. வலது டான்சிலின் குழிகளில் மூன்று நான்கு இடங்களில் மட்டும் மஞ்சள் கலந்த வெள்ளைச் சீழ்ப்புள்ளிகள் தென்பட்டன. மேலண்ணத்தின் மென்மையான பின்பகுதியில் குண்டூசித் தலையளவுச் சிவப்புப் புள்ளிகள் தூவியது போல இருந்தன. நாக்கின் மேல் வெண்படிவும், அதை ஊடுருவி எழும்பிய சிவந்த மொட்டுகளும் தெரிந்தன. தாடைக் கோணத்துக்குக் கீழே இருபுறமும் நெறி கட்டியிருந்தது. விரல் பட்டதும் தோளை உயர்த்திக் கழுத்தை மறைத்துக்கொண்டான். மூக்கு ஒழுகவில்லை, இருமல் இல்லை, குரல் கம்மவில்லை, கண்கள் சிவக்கவில்லை. அக்குளின் மடிப்பில் புறங்கையை வைத்துப் பார்த்தபோது, விளக்கொளியில் சரியாகத் தெரியாத ஒரு தடிப்பு உப்புத்தாளைத் தடவுவது போலச் சொரசொரத்தது.

இங்கே சொற்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "உள்நாக்கு வீங்கியிருக்கிறது" என்று பெற்றோர் சொல்லும்போது அது பெரும்பாலும் டான்சிலைக் குறிக்கிறது. உண்மையில் உள்நாக்கு என்பது அண்ணத்தின் நடுவே தொங்கும் சிறு சதை. "குழந்தைக்கு டான்சில் இருக்கிறது" என்று நோயைப் போலச் சொல்வதும் வழக்கம். டான்சில் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. பள்ளி செல்லும் வயதில் நோயே இல்லாமலும் அது பெரிதாகத்தான் இருக்கும். ஆகவே டான்சில் எவ்வளவு பெரிது என்பதை விட, அது எப்படிச் சிவந்திருக்கிறது, அதன் மேல் என்ன படிந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மதிப்பெண்ணும் சோதனையும்

தொண்டைவலியோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வைரஸே காரணம். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, குழந்தைகளுக்கு வரும் தொண்டை அழற்சிகளில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காட்டுக்குக் காரணமாகிறது. பெரியவர்களில் இது 5 முதல் 15 விழுக்காடு. இந்தச் சிறு பங்கைப் பிரித்தெடுக்க ராபர்ட் சென்டரும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் பெரியவர்களுக்கென ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வயதையும் அதில் சேர்த்து, குழந்தைகளுக்கும் பொருந்தும்படி வாரன் மெக்ஐசக் 1998இல் அதைத் திருத்தினார். 100.4 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தின் முன்பக்கம் வலியுடன் நெறி கட்டுதல், டான்சில் வீக்கம் அல்லது வெண்படிவு, 3 முதல் 14 வரையிலான வயது ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சிறுவனுக்கு ஐந்தும் இருந்தன.

ஐந்தும் இருந்துவிட்டால் நோய் உறுதி என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் வழக்கமாக நிகழும் தவறு. முழு மதிப்பெண் பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கும். யாருக்குச் சோதனை தேவையில்லை என்று ஒதுக்குவதற்கு இந்த முறை நன்றாக உதவுகிறது; யாருக்கு மருந்து தரலாம் என்று முடிவு செய்ய அது மட்டும் போதாது. எனவே பஞ்சுக்குச்சியால் இரு டான்சில்களையும் பின்தொண்டையையும் ஒற்றி எடுத்து, கிருமியின் பொருள் அதில் இருக்கிறதா என்று சில நிமிடங்களில் காட்டும் விரைவு ஆன்டிஜென் சோதனை செய்தேன். இந்தச் சோதனையில் நோய் உண்டு என்று வந்தால் ஏறத்தாழ நம்பிவிடலாம். இல்லை என்று வருவது அவ்வளவு உறுதியானதன்று. குழந்தைகளில் அதை, ஒற்றி எடுத்ததிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையால் சரிபார்ப்பது நல்லது. அதற்கு ஓரிரு நாள் ஆகும். சிறுவனுக்குப் பத்து நிமிடத்துக்குள் நோய் உண்டு என்னும் கோடு விழுந்துவிட்டது.

ஆக, இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி. அந்தச் சொரசொரப்பான தடிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்கார்லெட் காய்ச்சல். பெயரைக் கேட்டதும் தந்தை பதறிவிட்டார். அது தனி நோயன்று; அதே கிருமியின் சில வகைகள் வெளியிடும் நச்சுப்பொருள் தோலில் காட்டும் அடையாளமே. சிகிச்சையும் அதேதான்.

எடைக்கேற்ப கிலோவுக்கு 50 மி.கி. என்ற கணக்கில், பெனிசிலின் குடும்பத்து மருந்தான அமாக்சிசிலினை நாளொன்றுக்கு 900 மி.கி. இரு வேளையாகப் பிரித்து 10 நாட்களுக்கு எழுதிக் கொடுத்தேன். மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழியும்வரை மற்றப் பிள்ளைகளிடமிருந்து தள்ளியிருக்கும்படியும், காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் கொடுக்கும்படியும், ஆஸ்பிரின் எக்காரணம் கொண்டும் கூடாது என்றும் சொன்னேன். பத்து நாள் என்பதை இரண்டு முறை சொன்னேன். ஏன் பத்து நாள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்தச் சறுக்கலின் விலை பின்னால் தெரிந்தது.

கிளம்பும்போது தாய், "பெரியவளும் ஒரு வாரமா சோர்ந்து சோர்ந்து படுத்துக்கிறா, டாக்டர்" என்றார். ஒருநாள் அழைத்து வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை உள்ளே விட்டேன். இந்த நிகழ்வில் நான் கேட்டும் கேளாமல் விட்ட முக்கியமான வாக்கியம் அது.

பத்து நாள் ஏன்?

மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைவலி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஆன்டிபயாட்டிக் அதைச் சுமார் ஒரு நாள் முன்னதாக அடக்கும், அவ்வளவுதான். மருந்தின் உண்மையான நோக்கம் வேறு. தொண்டையில் இருக்கும் இந்தக் கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் தற்காப்பு, சில குழந்தைகளில் இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து அவர்களின் மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும். அதுவே ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுவலி வந்தபடி போய்விடும். இதய வால்வில் விழும் வடு வாழ்நாள் முழுதும் நிற்கக்கூடும். தொண்டைநோய்க்குப் பெனிசிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும் என்று டென்னி, வன்னமேக்கர் முதலியோர் படைவீரர்களிடம் செய்த ஆய்வின் மூலம் 1950இல் காட்டினார்கள். அறிகுறி தொடங்கிய 9 நாட்களுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது. ஆகவே சோதனை முடிவுக்காக ஓரிரு நாள் பொறுப்பதால் கெடுவது ஒன்றுமில்லை. தொடங்கியதை நடுவில் நிறுத்துவதுதான் கெடுதல். இந்தக் கிருமி இன்றுவரை பெனிசிலினுக்குப் பழகிக்கொள்ளவில்லை என்பதும், மருத்துவ உலகுக்கு அரிதாகக் கிடைத்த ஒரு சலுகை. அசித்ரோமைசின் போன்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அது பல இடங்களில் பழகிவிட்டது. பெனிசிலின் ஒவ்வாமை இல்லாத குழந்தைக்கு, மூன்று நாள் ஐந்து நாளில் முடிந்துவிடுகிறதே என்பதற்காக அசித்ரோமைசினை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை.

இந்தக் கிருமிக்குப் பின்விளைவாகச் சிறுநீரக அழற்சியும் வரலாம். தொண்டைத் தொற்றுக்கு ஒன்று முதல் மூன்று வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். ஆன்டிபயாட்டிக் இதை உறுதியாகத் தடுப்பதில்லை. எனவே மருந்தை ஒழுங்காக முடித்த குழந்தையின் சிறுநீர் நிறத்தையும் சில வாரங்கள் கவனிக்கச் சொல்வது என் வழக்கம்.

இரண்டாம் வருகை: பன்னிரண்டாம் நாள்

சிறுவனுக்குக் காய்ச்சல் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் இரு பிள்ளைகளையும் சேர்த்து அழைத்து வந்தார்கள். நடந்தது இதுதான். மருந்து தொடங்கி ஒன்றரை நாளில் சிறுவனுக்குக் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் வீடெங்கும் ஓடிக்கொண்டிருந்தான். அதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து, தொண்டையில் வெள்ளை விழுந்தது. தம்பியிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. வீட்டில் ஒருவருக்கு இந்தக் கிருமி இருந்தால் அடுத்தவருக்குத் தொற்றுவது சாதாரணம். தம்பிக்குக் குணமாகிவிட்டது, மருந்து மீதி இருக்கிறது, நோயும் ஒன்றுதான். தம்பியின் மீதி மருந்து ஆறு நாட்கள் அக்காவுக்குப் போயிற்று.

அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் மார்பிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள் எழுந்து, மாலைக்குள் கைகால்களுக்கும் பரவின. பயந்துபோய் வேறொரு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே மருந்தை நிறுத்தி, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "பெனிசிலின் ஒவ்வாமை" என்று எழுதி, அடிக்கோடும் இட்டு அனுப்பியிருந்தார்கள். இதற்கிடையே சிறுவனுக்கு முந்தைய நாளிலிருந்து மறுபடி தொண்டைவலி.

அக்காவின் தொண்டை தம்பியுடையதை விடப் பயங்கரமாக இருந்தது. இரு டான்சில்களும் நடுவில் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வீங்கி, அவற்றின் மேல் சாம்பல் கலந்த வெள்ளைப் படலம் போர்வை போலப் படிந்திருந்தது. மேலண்ணத்தில் இவளுக்கும் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. காய்ச்சல் 101.8, இருமல் இல்லை, கழுத்தின் முன்பக்கம் நெறி, வயது 13. கணக்குப் போட்டால் இவளுக்கும் முழு ஐந்து மதிப்பெண்.

வேறுபாடுகளைத் தொண்டைக்கு வெளியேதான் தேட வேண்டியிருந்தது. தம்பிக்குத் தாடைக்குக் கீழே மட்டும் நெறி கட்டியிருந்தது. இவளுக்குக் கழுத்தின் பின்பக்கம் முழுவதும் மணிகளைக் கோத்தது போல நெறிகள், அக்குளிலும் இருந்தன. கண் இமைகள் அழுதவள் போல உப்பியிருந்தன. அழவில்லை என்று தாய் சொன்னார். மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்லி இடது விலா எலும்பின் கீழே விரல்களை வைத்தபோது, மண்ணீரலின் ஓரம் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு வந்து விரலில் தட்டியது. தம்பிக்கு நோய் ஒரே காலையில் திடீரென்று வந்தது. இவளுக்குச் சோர்வு முதலில் வந்து, ஒன்றரை வாரம் கழித்தே காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தன. அந்தச் சோர்வு என் காதில் விழுந்து நழுவிய அதே சோர்வு.

வெண்படலம் என்றதும் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியாவை நினைக்காமல் இருக்க முடியாது. அதன் படலம் டான்சிலோடு நிற்காமல் அண்ணத்துக்கும் உள்நாக்குக்கும் ஏறும், இறுக ஒட்டியிருக்கும், பிய்த்தால் இரத்தம் கசியும், காய்ச்சல் குறைவாகவும் குழந்தை மிகவும் நலிந்தும் இருக்கும், கழுத்து முழுவதுமே வீங்கிவிடக்கூடும். இவளுடைய படலம் டான்சிலின் எல்லையைத் தாண்டவில்லை, பஞ்சுக்குச்சியோடு இரத்தமின்றி வந்துவிட்டது, தடுப்பூசிகளும் பூஸ்டர் உட்பட முழுமையாகப் போடப்பட்டிருந்தன. அந்தக் கவலையை ஒதுக்கி வைத்தேன்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் விரைவுச் சோதனை இல்லை என்று வந்தது. வளர்ப்புச் சோதனையும் இரண்டு நாள் கழித்து அதையே உறுதி செய்தது. ஆறு நாள் மருந்து சாப்பிட்டவளிடம் இந்த முடிவு தனியாகப் பெரிதாகப் பேசாது என்பதால் இரத்தப் பரிசோதனையே தீர்ப்பாக அமைந்தது. வெள்ளணுக்கள் 16,000, அவற்றில் பாதிக்கு மேல் நிணவணுக்கள், மொத்தத்தில் 18 விழுக்காடு வழக்கத்துக்கு மாறான பெருத்த நிணவணுக்கள். கல்லீரல் நொதிகள் இயல்பான மேல்வரம்பைப் போல இரு மடங்கு. இந்த நிலையில் இரத்தத்தில் தோன்றும் ஹெட்டிரோஃபைல் என்னும் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையில் நோய் உண்டு என்று வந்தது. எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் தொற்று மோனோநியூக்ளியோசிஸ், பழைய பெயரில் சுரப்பிக் காய்ச்சல்.

இந்த வைரஸை 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் கண்டறிந்தார்கள். எச்சில் வழியே பரவுகிறது. சிறு வயதில் தொற்றினால் பெரும்பாலும் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோகும், அல்லது வந்ததே தெரியாது. பதின்வயதில் முதல் முறை தொற்றும்போதுதான் இப்படி முழு உருவத்தோடு வருகிறது. தொற்றி நோய் வெளிப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இரண்டு முதல் ஐந்து நாட்களே போதும். இந்தக் கணக்கு ஒன்றே, அக்காவின் நோய் தம்பியிடமிருந்து வந்ததாக இருக்க முடியாது என்று சொல்லிவிடுகிறது. தம்பிக்குக் காய்ச்சல் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அவள் உடலுக்குள் வைரஸ் போயிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் சந்தித்தது வெறும் தற்செயல்.

தடிப்பும் சிவப்பு மையும்

மோனோநியூக்ளியோசிஸ் இருக்கும்போது ஆம்பிசிலினோ அமாக்சிசிலினோ சாப்பிட்டால், பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் பத்து நாட்களுக்குள், உடல் முழுவதும் செம்பு நிறத் தடிப்புகள் எழுவது மருத்துவத்தில் வெகுகாலமாக அறியப்பட்ட நிகழ்வு. இந்த வைரஸ் நிணவணுக்களைக் கிளறிவிட்டிருக்கும் நேரத்தில் மருந்து போய்ச் சேர்வதால் வருவது இது. அதன் முழு இயக்கமும் தெளிவாகாவிட்டாலும், மருந்து உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடு வீங்கி, அரிப்புத் தடிப்பு எழுந்து, மூச்சு இழுக்கும் உடனடி ஒவ்வாமை இதுவன்று. பெரும்பாலானவர்கள் பின்னாளில் அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிடுகிறார்கள். அக்காவின் தடிப்புகள் தட்டையாகவும் சற்றே மேடிட்டும் இருந்தன, இடம் மாறவில்லை, உதடோ நாக்கோ வீங்கவில்லை, நெஞ்சில் இழுப்பு இல்லை.

சிவப்பு மையில் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இரவில், மண்ணீரலைத் தேடும் நேரமில்லாமல், தடிப்போடு நிற்கும் பிள்ளையிடம் மருந்தை நிறுத்தி எச்சரிக்கை எழுதியது பாதுகாப்பான செயலே. ஆனால் அந்த வரி அப்படியே நின்றுவிட்டால் அதற்கும் விலை உண்டு. பிற்காலத்தில் உண்மையிலேயே பெனிசிலின் தேவைப்படும் நாளில், அவளுக்கு அதைவிட விரிவானதும் பக்கவிளைவு மிகுந்ததுமான வேறொரு மருந்து போகும். ஆகவே அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் தேதியிட்டு, இது மோனோநியூக்ளியோசிஸின்போது வந்த தடிப்பு, நோய் தீர்ந்தபின் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

அவளுக்கான சிகிச்சை எளிது: ஓய்வு, நீர்ம உணவு, வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் எதற்கும் வேலை இல்லை. இரவில் குறட்டை அதிகம் என்று தாய் சொன்னதால், மூச்சை உள்ளிழுக்கும்போது ஓசை கேட்டாலோ, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்க நேர்ந்தாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் போனாலோ நேரத்தைப் பாராமல் வரச் சொன்னேன்; மூச்சுப்பாதை அடைபடும் நிலையில்தான் ஸ்டீராய்டு பற்றி யோசிப்பது வழக்கம். அவளுக்கு அது தேவைப்படவில்லை. அவள் பள்ளிக் கூடைப்பந்து அணியில் இருந்தாள். பெருத்த மண்ணீரல் அடிபட்டாலும், சில சமயம் அடிபடாமலும் கிழியக்கூடும். அரிதாக நடக்கும், ஆனால் நடந்தால் உயிருக்கு ஆபத்து. ஆகவே குறைந்தது மூன்று வாரங்களுக்கு ஓட்டம், குதிப்பு, மோதும் விளையாட்டு எதுவும் கூடாது என்றேன். இத்தனை நாள் பட்ட பாட்டில் அழாதவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

சிறுவனுக்கு என்ன செய்வது என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. பள்ளி வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் என்னும் அளவுக்கு, எந்த நோயும் இல்லாமலே தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸைச் சுமந்துகொண்டு திரிவதுண்டு. அப்படிச் சுமக்கும் குழந்தைக்குச் சளி பிடித்த நாளில் சோதனை செய்தால் நோய் உண்டு என்றுதான் காட்டும். தேவையில்லாத மருந்தும் பின்தொடரும். ஆனால் இவனுக்கு மூக்கொழுகலோ இருமலோ இல்லை, 101 டிகிரி காய்ச்சலும் நெறிகளில் வலியும் திரும்பியிருந்தன, மருந்தும் நான்கு நாளில் நின்றிருந்தது. விரைவுச் சோதனை மீண்டும் உண்டு என்றது. அரைகுறையாக விட்ட தொற்று திரும்பியதாகவே எடுத்துக்கொண்டேன். மீண்டும் பத்து நாள் மருந்து எழுதி, அது வேறு யாருக்காவது பங்கு போவதைப் பார்க்க நான் தயாராயில்லை. 27 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான அளவில் 6 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலினை, அதாவது உடம்பில் மெல்லக் கலந்து பத்து நாள் மருந்துக்கு ஈடாக நிற்கும் பெனிசிலினை, தொடைத் தசையில் ஒரே ஊசியாகப் போட்டேன். வலிக்கும் ஊசிதான். இந்த முறை பத்து நாள் கணக்கின் காரணத்தையும் பெற்றோரிடம் இதய வால்வைப் படம் வரைந்து சொன்னேன்.

மற்றத் தொண்டைகள்

இந்த இருவரின் நோய்களும் குழந்தைகளின் தொண்டைத் தொற்றில் இரு வகைகளே. அன்றாடம் வருபவை இவற்றைவிட எளியவை. மூக்கொழுகல், இருமல், குரல் கம்மல் ஆகியவற்றோடு தொண்டை இலேசாகச் சிவந்திருந்தால் அது ஏறத்தாழ எப்போதும் வைரஸ், சோதனையே தேவையில்லை. அடினோவைரஸ் டான்சிலில் சீழ் போன்ற வெள்ளையைக் கொண்டுவந்து நம்மை ஏமாற்றும். கூடவே கண்கள் சிவந்திருப்பதுதான் துப்பு, காய்ச்சலும் ஐந்தாறு நாட்கள் நீடிக்கும். காக்சாக்கி வகை வைரஸ்கள் அண்ணத்தின் பின்பகுதியிலும் டான்சிலின் முன்மடிப்புகளிலும் சிவப்பு வளையமிட்ட சின்னஞ்சிறு கொப்புளங்களையும் புண்களையும் உண்டாக்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருந்தால் கை-கால்-வாய் நோய். ஈறும் உதடும் நாக்கின் முன்பகுதியும் புண்ணாகி, ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸின் முதல் தாக்குதல். மூன்று வயதுக்குக் கீழே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைநோய் அரிது. ருமாட்டிக் காய்ச்சல் அதனினும் அரிது. ஆகவே அந்த வயதில், வீட்டில் வேறொருவருக்கு உறுதியாகியிருந்தாலொழிய, இந்தச் சோதனையை நான் செய்வதில்லை.

ஐந்து நாட்களுக்கு மேல் விடாத காய்ச்சலோடு நாக்கும் உதடும் செக்கச் சிவந்து, உதடு வெடித்து, சீழில்லாமல் கண்கள் சிவந்து, கழுத்தில் நெறி கட்டினால் அதைத் தொண்டைத் தொற்று என்று வைத்துக்கொண்டு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. கவாசாகி நோயாக இருக்கலாம். காய்ச்சல் தொடங்கிய முதல் பத்து நாட்களுக்குள் தகுந்த சிகிச்சை தொடங்காவிட்டால் இதயத் தமனிகள் பாதிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது.

தொண்டையைப் பார்க்கவே கூடாத ஒரு நிலையும் உண்டு. சில மணி நேரத்தில் காய்ச்சல் ஏறி, குழந்தை முன்னே சாய்ந்து கைகளை ஊன்றி, தாடையை நீட்டி, எச்சில் ஒழுக அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது குரல்வளை மூடியின் அழற்சியாக இருக்கலாம். நாக்கை அழுத்தினால் மூச்சுப்பாதை அங்கேயே முழுதாக அடைபட்டுவிடக்கூடும். குழந்தையை அழவிடாமல், படுக்க வைக்காமல், இருக்கும் நிலையிலேயே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்கு முக்கியக் காரணமான ஹிப் என்னும் பாக்டீரியாவுக்குத் தடுப்பூசி வந்தபின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் இன்னும் காணலாம். நாய் குரைப்பது போன்ற இருமலோடு நள்ளிரவில் எழும் சிறு குழந்தையின் குரூப் நோய் இதற்கு வேறு. அது பெரும்பாலும் பாராஇன்ஃபுளுயென்சா வைரஸால் வருகிறது, டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். வாயைத் திறக்க முடியாமல், சூடான கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறி, உள்நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி. காய்ச்சலுள்ள சிறு குழந்தை கழுத்தைத் திருப்ப மறுத்து விழுங்கவும் மறுத்தால் சீழ் தொண்டையின் பின்சுவருக்குள் இருக்கலாம். இவ்விரண்டுக்கும் வீட்டில் வைத்தியம் இல்லை.

தொடர் கண்காணிப்பு

சிறுவனின் விரல் நுனிகளில் இரண்டாம் வாரக் கடைசியில் தோல் உரிந்தது. ஸ்கார்லெட் காய்ச்சலுக்குப் பின் இது எதிர்பார்த்ததே என்று முன்கூட்டிச் சொல்லியிருந்ததால் தொலைபேசி அழைப்பு வரவில்லை. ஊசிக்குப் பிறகு நான்கு வாரம்வரை மூட்டுவலியோ, மூச்சிறைப்போ, கட்டுப்பாடின்றிக் கைகால் ஆடுவதோ இல்லை. சிறுநீரும் தெளிவாகவே போனது. அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு மீண்டும் தொண்டைச் சோதனை செய்வதில் பொருளில்லை என்பதால் செய்யவில்லை. இனி அடிக்கடி வராமலிருக்க டான்சிலை எடுத்துவிடலாமா என்று தந்தை கேட்டார். ஓர் ஆண்டில் ஏழு முறை, அல்லது இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டுக்கு மூன்று என்று, ஒவ்வொரு முறையும் மருத்துவர் பார்த்துப் பதிவு செய்திருந்தால் அதைப் பற்றிப் பேசலாம் என்றேன். இவனுக்கு வந்தது ஒரு முறை. அதுவும் அரைகுறை மருந்தால் திரும்பியது.

அக்காவின் தடிப்பு ஒரு வாரத்தில் மங்கியது. காய்ச்சல் மேலும் ஐந்து நாள் நீடித்து, பிறகு விட்டது. சோர்வு மட்டும் ஒரு மாதத்துக்கு மேலாகியும் நீங்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் சீருடையோடே தூங்கிவிடுகிறாள் என்று தாய் கவலைப்பட்டார். ஆறாம் வாரம் மண்ணீரல் விரலுக்குத் தட்டவில்லை, கல்லீரல் நொதிகள் இயல்புக்கு வந்திருந்தன. அன்றே பந்தைத் தொடலாமா என்று கேட்டாள், தொடலாம் என்றேன்.

ஐந்து மாதம் கழித்து, அவள் முழு நலத்தோடு இருந்த ஒரு காலைப்பொழுதில், அவசர மருந்துகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் பத்தில் ஒரு பங்கு அமாக்சிசிலினும் அரை மணி நேரம் கழித்து மீதியும் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். எதுவும் எழவில்லை. அடுத்த ஐந்து நாளும் தோல் தெளிவாகவே இருப்பதாகத் தாய் தொலைபேசியில் சொன்னார். மறுமுறை வந்தபோது குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்த சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, தேதியும் காரணமும் எழுதிக் கையெழுத்திட்டேன்.